பவர் சப்ளை உறுமினால்: எண்ணெய் விடுவதா, ஃபான் மாற்றுவதா, புதிதே வாங்குவதா?

போன வருசம் சோளகம் அடித்துக்கொண்டிருந்த நாட்களில், புழுதி பறக்கிற ஒரு மத்தியானம், மல்லாவிப் பக்கத்திலிருந்து ஒரு ரீச்சர் தன் கொம்பியூட்டரைக் கொண்டுவந்து என் மேசையில் இறக்கினார். பழைய பெட்சீற்றில் சுற்றி, கிளிநொச்சி வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். "தம்பி, பின்னால இருக்கிற கரண்ட் பெட்டி உறுமுது. மாத்துறதோ, திருத்துறதோ? பிள்ளையளின்ர பேப்பர் எல்லாம் இதிலதான் அடிக்கிறனான்" என்றார்.

கரண்ட் பெட்டி என்று அவர் சொன்னது பவர் சப்ளையை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி, 12, 5, 3.3 வோல்ட்டுகளாக்கி உள்ளே கொடுக்கிற இரும்புப் பெட்டி. அது சத்தம் போட்டால் எங்கள் பக்கத்தில் ஆட்கள் செய்வது பெரும்பாலும் மூன்றில் ஒன்று. பழகிவிடும் என்று விடுவார்கள், தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவார்கள், அல்லது பயந்துபோய்ப் புதிது வாங்குவார்கள். இவற்றுக்கு நடுவில் இன்னும் சில வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சத்தத்துக்குச் சரி, இன்னொரு சத்தத்துக்குப் பிழை. ஆகவே வழிகளை ஒப்பிட முதல் சத்தத்தைப் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும். இந்தக் கட்டுரையில் பாதி அதற்கே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காதுக்கு வேலை

கடை தொடங்கிய புதிதில் ஒரு பிழை விட்டேன். 'டிக்... டிக்...' என்று அடிக்கிற மெஷின் ஒன்று வந்தது. சத்தம் பின்பக்கமிருந்து வருவது போலத்தான் இருந்தது. பவர் சப்ளையை மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நாளில் அதே சத்தத்தோடு திரும்பி வந்தது. ஹார்ட் டிஸ்க் சாகிற சத்தம் அது. அதற்குள் டிஸ்க் முழுதாகப் போய்விட்டது, ஒரு கலியாண வீட்டுப் படங்கள் முழுக்க அதற்குள். பவர் சப்ளைக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். படங்களை எங்கே போய்க் கொடுப்பது? கேஸின் தகடு மத்தளத் தோல் மாதிரி. எந்த மூலையில் தட்டினாலும் முழுவதும் அதிரும். வெறும் காதால் இடம் பிடிக்க முடியாது.

அதற்குப் பிறகு நான் செய்வது இது. இரவில், சீலிங் ஃபானை நிறுத்திவிட்டு, பழைய கலண்டர் தாள் ஒன்றைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் கேஸின் ஒவ்வொரு இடத்துக்கும் கொண்டுபோவேன். சத்தம் எந்த இடத்தில் சட்டென்று பெருக்கிறதோ அதுதான் இடம். இரும்பு ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு அது சரி, கரண்ட் ஓடுகிற பெட்டிக்கு வேண்டாம். சிபியு ஃபான்மேல் சந்தேகமென்றால், அதன் நடுக் குமிழை விரல் நுனியால் மெதுவாக இரண்டு விநாடி தொட்டு நிறுத்திப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க் என்றால், மெஷினை அணைத்து அதன் வயரைக் கழற்றிவிட்டுப் பயோஸ் திரை (விண்டோஸ் எழும்ப முதல் வருகிற அமைப்புத் திரை) வரைக்கும் எழுப்பிப் பார்க்கலாம். பவர் சப்ளையின் ஃபானுக்குள் மட்டும் குச்சி, விரல், ஈர்க்கு எதையும் விடக்கூடாது.

இடம் பவர் சப்ளைதான் என்று தெரிந்த பிறகு அடுத்த சோதனை. காசே செலவாகாதது, எனக்கு இதில்தான் ஆகப்பெரிய நம்பிக்கை. மெஷினைப் பயோஸ் திரையில் நிறுத்திவிட்டு (எழுதிக்கொண்டிருந்த எதுவும் போய்விடாமல் இருக்க), பெட்டியின் பின்னால் இருக்கிற சுவிச்சைச் சட்டென்று அணையுங்கள். சத்தம் 'உர்ர்ர்...' என்று மெல்ல மெல்ல இறங்கி ஓய்ந்தால் அது ஃபான், ஏனென்றால் சுழல்கிற இறக்கை நிற்க இரண்டு மூன்று விநாடி எடுக்கும். சுவிச்சை அணைத்த கணமே வெட்டியது போல நின்றால் அது மின்சாரத்தின் சத்தம். கொயில் (கம்பிச் சுருள்), கப்பாசிற்றர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற சின்ன டப்பா), ரிலே (மின்சாரத்தால் தானாக இயங்குகிற சுவிச்), ஏதோ ஒன்று. ஃபானின் சத்தமா, மின்சாரத்தின் சத்தமா என்ற இந்த ஒரு பிரிவு தெரிந்தாலே முடிவில் முக்கால்வாசி வந்துவிடும்.

மீதிக் கால்வாசி, சத்தத்தின் குணத்தில் இருக்கிறது.

விடிய முதலில் போடும்போது 'கிர்ர்ர்' என்று அரைத்து, பத்து நிமிடத்தில் சூடேறியதும் அடங்கிவிடுகிறதா? ஃபானின் பேரிங்கில் எண்ணெய் வற்றுகிறது. விலை குறைந்த ஃபான்களில் இருப்பது புஷ் மாதிரியான ஸ்லீவ் பேரிங். பவர் சப்ளையில் 120 மில்லிமீற்றர் ஃபான் படுத்த நிலையில் ஓடுவதால் அந்த வகை பேரிங் சீக்கிரமே ஒரு பக்கமாகத் தேயும். கேஸைச் சரித்துப் படுக்கவைத்தால் சத்தம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் பேரிங் என்பது கிட்டத்தட்ட உறுதி.

'டக டக டக' என்று ஒரே தாளத்தில் அடித்தால் ஏதோ இறக்கையில் முட்டுகிறது. கட்டாமல் விட்ட வயர், பிளாஸ்ரிக் கட்டுநாடாவின் வால், ஒருமுறை காய்ந்துபோன பல்லி. பஸ்ஸில் வருகிற மெஷின்களில் வேடிக்கை என்னவென்றால், வழிக் குலுக்கலிலேயே வயர் விலகிச் சத்தம் நின்றுவிடும். "வீட்டில கத்தினது, இஞ்ச வந்து கத்துதில்லை" என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொல்வார்கள். பல்வலிக்காரர் வைத்தியரைக் கண்டதும் வலி நின்ற கதை.

மெல்லிய 'ஈஈஈ' என்ற கீச்சல், மவுஸை உருட்டினால் அல்லது கேம் தொடங்கினால் சுருதி மாறுகிறது என்றால் அது கொயில் கீச்சல். கம்பி சுற்றிய கொயிலுக்குள் கரண்ட் ஏறி இறங்கும்போது கம்பியும் நடுவில் இருக்கிற கருவும் நுண்ணிதாக அதிர்கின்றன. பவர் சப்ளையின் உள்ளே நடக்கிற சுவிச்சிங் பொதுவாகக் காதுக்கு எட்டாத வேகம், விநாடிக்குப் பல்லாயிரம் தடவை. ஆனால் சுமை குறைந்து, விட்டு விட்டு வேலை செய்யும்போது அந்தத் தாளம் காதுக்கு எட்டும் அளவுக்கு இறங்கிவிடும். அதே கீச்சல் கிராபிக்ஸ் கார்ட்டிலிருந்தும் மதர்போர்ட்டிலிருந்தும் வரும், குழலை வைத்துக் கேட்டுவிட்டுப் பழியைப் போடுங்கள்.

மெஷினை அணைத்த பிறகும், சுவர் சுவிச் போட்டபடி இருக்கும்போது கீச்சல் தொடர்ந்தால் அது வேறு கதை. மெஷின் தூங்கும்போதும் பவர் சப்ளைக்குள் ஒரு சின்ன 5 வோல்ட் பகுதி விழித்துக்கொண்டே இருக்கும், பவர் பட்டனை அமத்தினால் எழும்புவது அதனால்தான். அந்தப் பகுதியின் கப்பாசிற்றர் களைத்துப்போனால் இப்படிக் கீச்சிடும். முந்தி இல்லாத கீச்சல் புதிதாக வந்து, மெஷினும் ஒரே அமத்தலில் எழும்ப மறுத்தால் சந்தேகமே வேண்டாம்.

'ம்ம்ம்' என்ற தடித்த முரல், கரண்ட் நின்று யூபிஎஸ்ஸில் ஓடும்போது மட்டும் வந்தால், பவர் சப்ளையைக் குறை சொல்லாதீர்கள். விலை குறைந்த யூபிஎஸ்கள் பற்றரியில் ஓடும்போது தருவது படிப்படியாக வெட்டிய அலை. புதிய வகை பவர் சப்ளைகளில் இருக்கும், சுவரிலிருந்து கரண்டைச் சீராக இழுக்கிற அக்டிவ் பிஎஃப்சி என்ற பகுதிக்கு அந்த அலை பிடிக்காது. முனகும், சிலநேரம் அணைந்தும் போகும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டிய காலத்தில் இந்த முறைப்பாட்டோடு வந்தவர்களுக்குக் கணக்கில்லை. யூபிஎஸ்ஸிலும் ஜெனரேற்றரிலும் மாறி மாறி ஓட்டியதில் எல்லாப் பெட்டியும் முனகிக்கொண்டிருந்தது.

போடும்போது ஒரே ஒரு 'டக்'? ரிலே. ஆரோக்கியமான சத்தம். அந்த 'டக்' திரும்பத் திரும்ப வந்து, ஃபான் அரைச் சுற்றுச் சுற்றி நின்று, மறுபடி முயன்றால் உள்ளே எங்கோ ஷோர்ட், பாதுகாப்புப் பகுதி வெட்டி வெட்டி விடுகிறது. தோட்டக் கிணறுகளில் மோட்டார்கள் ஒன்றாக ஓடுகிற நேரத்தில் வோல்ற்றேஜ் இறங்கி, யூபிஎஸ்ஸின் ரிலே 'டக் டக்' என்று அடிப்பதும் உண்டு. அதைப் பவர் சப்ளை என்று நினைத்துக் கழற்றிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று: 'சர்ர்', 'படக் படக்' என்ற பொரிகிற சத்தம். கூடவே மீன் கருகுவது போல ஒரு மணம். அங்கே யோசிக்க ஒன்றும் இல்லை. பெட்டியைத் தொடாமல் சுவர் சுவிச்சை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் தளர்ந்து சுவரில்தான் பொரிகிறதா என்று மட்டும் பாருங்கள், சொக்கெற் கறுத்திருந்தால் தெரிந்துவிடும். இல்லையென்றால் அந்தப் பவர் சப்ளை முடிந்தது.

சரி, இனி வழிகள்

ஒன்றும் செய்யாமல் விடுவது ஒரு வழிதான், சோம்பல் என்று நினைக்க வேண்டாம். சுமையோடு சுருதி மாறுகிற கொயில் கீச்சல், ஒற்றை 'டக்', பங்குனி சித்திரை வெக்கையில் ஃபான் வேகமெடுத்து இரைவது, இந்த மூன்றுக்கும் நான் சொல்வது விட்டுவிடுங்கள் என்றுதான். கீச்சல் காதைத் தின்னும், பெட்டியைத் தின்னாது. கொயிலுக்குச் சூடான பசை ஊற்றி அடக்குகிறேன் என்று பெட்டியைத் திறப்பது கொசுவுக்குப் பயந்து கூரையைப் பிரிக்கிற வேலை. நடுச்சாமத்தில் ஃபான் சுற்றவே இல்லையே என்று பதறி வந்தார் ஒரு தம்பி. அவருடையது சுமை குறைந்தால் ஃபானை முற்றாக நிறுத்திவிடுகிற வகை. பெட்டியிலேயே எழுதியிருந்தது.

துப்புரவாக்குவது வன்னியில் எல்லா மருந்துக்கும் முந்திக் குடிக்க வேண்டிய கசாயம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் சோளகம் செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து யன்னலால் கொட்டும். பவர் சப்ளை கீழே இருக்கிற மாதிரிக் கேஸை நிலத்தில் வைத்திருந்தால், நிலத்தைக் கூட்டுகிற விளக்குமாறு பாதி, இந்த ஃபான் பாதி என்று வேலை நடக்கும். மாரியில் வாடை தொடங்கினால் ஈரம், எறும்பு. இவற்றை எல்லாம் விடக் கெட்டிக்காரி மண் குளவி. பின்பக்கத் தேன்கூட்டு ஓட்டைகளைக் கண்டால் விடமாட்டாள், இரண்டு நாளில் மண் குழைத்து அடைத்துவிடுவாள்.

ரீச்சரின் மெஷினில் நான் முதலில் கண்டது அதைத்தான். பின் கிரில்லில் மூன்று விரல் அகலத்துக்குக் குளவிக் கூடு. செம்மண், காய்ந்து கல்லாகியிருந்தது. அதில் ஒரு துண்டு உடைந்து உள்ளே விழுந்து ஃபானோடு உரசிக்கொண்டிருந்தது. பிளக்கைக் கழற்றி, கூட்டை மரக்குச்சியால் மெதுவாகப் பெயர்த்து, பெட்டியைக் கேஸிலிருந்து எடுத்துக் கவிழ்த்துத் தட்டியபோது மண்ணும் காய்ந்த புழுக்களுமாக ஒரு தேக்கரண்டி அளவுக்குக் கொட்டியது. "ஐயோ, இதுகளையோ நான் வளத்தனான்" என்றார் ரீச்சர்.

ஊதும்போது ஒரு விசயம். பஞ்சர் கடைக் கொம்பிரசர் வேண்டாம், அதில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். கையால் பிடிக்கிற சின்ன புளோவர் போதும். ஃபான் கண்டபடி சுற்றாமல் மெல்லிய பிளாஸ்ரிக் குச்சியால் வெளியிலிருந்தே தடுத்துப் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சும்மா விட்டால் விசை மிஞ்சிச் சுற்றி பேரிங் இன்னும் கெடும். மேலே குச்சி விடாதே என்றவன் இப்போது விடு என்கிறானே என்று கேட்பீர்கள். அது கரண்ட் ஓடும்போது, இது பிளக் கழற்றிய பிறகு.

எண்ணெய் விடுவது எங்கள் ஊர்களில் ஆகப் பிரபலமான வைத்தியம். எனக்கு இதில் அரை மனம்தான். எண்ணெய் விட முதல் பெட்டியைத் திறக்க வேண்டும், திறப்பதில்தான் ஆபத்து. உள்ளே இருக்கிற பெரிய கப்பாசிற்றரில் 325 வோல்ட்டுக்குக் கிட்ட மின்னழுத்தம் ஏறியிருக்கும், அக்டிவ் பிஎஃப்சி உள்ள பெட்டியில் 380, 400 வரைக்கும் போகும். பிளக்கைக் கழற்றினாலும் அது உடனே இறங்காது. பழுதான பெட்டியில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மல்ரிமீற்றரால் அளந்து, இறக்கிப் பழகியவர் அல்லாமல் யாரும் மூடியைக் கழற்றக்கூடாது. யூடியூப்பில் ஒருவர் சிரித்துக்கொண்டே கழற்றுகிறார் என்பதற்காக நீங்கள் கழற்ற வேண்டாம்.

தெரிந்தவர் திறந்தால், ஃபானின் நடுவில் இருக்கிற ஸ்ரிக்கரை உரித்து, அடியில் ரப்பர் மூடி இருந்தால் அதை எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒன்று அல்லது இரண்டு சொட்டு. அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் விட்ட ஃபான்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். முதல் கிழமை சோக்காய் ஓடும், பிறகு சூட்டில் பிசினாகிப் புழுதியைப் பிடித்துச் சந்தனம் அரைத்தது போல ஆகிவிடும். துரு விலக்குகிற ஸ்பிரேயும் அப்படித்தான், இருக்கிற எண்ணெயையும் கழுவிவிட்டு ஆவியாகிப் போய்விடும். சரியான எண்ணெய் விட்டாலும் தேய்ந்த புஷ் மறுபடி வளராது. ஸ்ரிக்கர் திரும்ப ஒட்டாது, அந்த வழியால் புழுதி போகும். சில மாதம் இழுக்கும். பரீட்சை முடியும் வரைக்கும், சாமான் வந்து சேரும் வரைக்கும் என்று தவணை வாங்குவதற்கு நல்லது. பந்து பேரிங் போட்ட ஃபானுக்கு இந்த வைத்தியமே செல்லாது.

ஃபானை மாற்றுவது, சத்தம் ஃபானுடையது என்று உறுதியாகத் தெரிந்து, பெட்டியும் நல்ல பெட்டியாக இருந்தால், நான் முதலில் சொல்கிற வழி. எப்படியும் எண்ணெய்க்காகத் திறந்த பெட்டிதானே, திறந்த கையோடு புதிய ஃபானே போட்டுவிடலாம். ஃபானின் விலை முழுப் பெட்டியின் விலையில் ஒரு சிறு பங்கு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. அளவு பார்க்க வேண்டும். இப்போதைய பெட்டிகளில் பெரும்பாலும் 120, பழசுகளில் 80 மில்லிமீற்றர், தடிப்பு 25. 12 வோல்ட். அதைவிட முக்கியம், பழைய ஃபானின் அம்பியர் அளவுக்குக் கிட்ட இருப்பதை எடுக்க வேண்டும். சத்தமே போடாத ஃபான் என்று விற்கிற மெதுவான ஒன்றைப் போட்டால் சத்தம் போகும், பெட்டியும் சூட்டில் மெல்லப் போகும். இன்னொரு பொறி: பவர் சப்ளை தொடக்கத்தில் ஃபானுக்கு 4, 5 வோல்ட்தான் கொடுக்கும். அந்த வோல்ற்றில் சில ஃபான்கள் எழும்பிச் சுற்றவே மாட்டாது. போட்டதும் சுற்றுகிறதா என்று பாராமல் மூடியைப் பூட்டக்கூடாது. காற்றுப் போகிற திசைக்குச் சட்டத்தில் அம்புக்குறி இருக்கும், பழையது எந்தப் பக்கம் பார்த்ததோ புதியதும் அந்தப் பக்கம்தான். பல பெட்டிகளில் ஃபான் வயர் போர்ட்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருக்கும். வெட்டி, ஈயம் வைத்து, சூட்டுக் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி இறுகுவது) போட்டு மூட வேண்டும். கறுப்பு ரேப் சுற்றிவிட்டால் சித்திரை வெக்கையில் அது பிசுபிசுத்துக் கழன்றுவிடும்.

கப்பாசிற்றர் மாற்றித் திருத்துவதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே ரேடியோ, ரீவி திருத்துகிற அண்ணைமாரின் கைவேலை குறைந்ததல்ல. மேற்பகுதி பப்படம் மாதிரி ஊதிய கப்பாசிற்றரைக் கண்டால் அவர்களுக்குக் கை துருதுருக்கும். கணக்கு ஒன்று பாருங்கள். 105 பாகை, 2000 மணித்தியாலம் என்று எழுதிய கப்பாசிற்றர், சூடு 10 பாகை குறைந்தால் இரண்டு மடங்கு காலம் உழைக்கும் என்பது பொதுவான கணிப்பு. 65 பாகையில் ஓடினால் 32,000 மணித்தியாலம் ஆகிறது. ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் என்றால் கிட்டத்தட்ட 11 வருசம். அதே கப்பாசிற்றர், தகரக் கூரை போட்ட கடையில், புழுதி அடைத்த பெட்டியில், 75 பாகையில் ஓடினால் ஐந்தரை வருசம். 85 பாகை என்று எழுதிய மலிவானது என்றால் ஒன்றரை வருசத்துக்கும் கீழே இறங்கும். ஆகவே ரேடியோவுக்கு வாங்கி வைத்த எதையாவது போட்டுத் திருத்தினால், பல்லு விழுந்த இடத்தில் சோளப்பொரி வைத்த மாதிரிதான். இந்த இடத்துக்கு வேண்டியது குறைந்த உள்தடை உள்ள, 105 பாகை வகை. அது கையில் இருக்கிறதா, கொழும்பிலிருந்து வரவேண்டுமா என்று கேளுங்கள். ஒன்று ஊதினால் பக்கத்தில் இருப்பதும் அதே வயதுதான், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். செலவையும் நேரத்தையும் சேர்த்தால் சாதாரணப் பெட்டிக்கு இது கட்டாது.

கட்டுகிற இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்து, இங்கே இறக்கி விற்கிற பெரிய கொம்பனி மெஷின்கள் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் கடைகளிலும் நிறைய ஓடுகின்றன. அவற்றில் பலவற்றுக்குக் கடையில் கிடைக்கிற சாதாரணப் பவர் சப்ளை பொருந்தாது. டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020 ஐ எடுத்தால், மதர்போர்ட்டுக்குப் போகிற பெரிய பிளக் வழமையான 24 ஊசி இல்லை, 8 ஊசி. சின்ன உடம்புக்காரனான மாதிரியில் பெட்டியின் வடிவமே வேறு. இப்படியான மெஷினில் ஃபான் மாற்றுவதும் கப்பாசிற்றர் மாற்றுவதும், பொருந்துகிற பெட்டி தேடி வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அலைவதைவிட நல்லது. மாற்று வயர் போட்டுச் சாதாரணப் பெட்டி பூட்டலாம், ஆனால் கேஸுக்கு வெளியே தொங்கவிட வேண்டி வரும். பள்ளிக்கூடத்தில் அதை வைக்க எனக்கு மனம் வராது.

பாவித்த பவர் சப்ளை வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: வேண்டாம். விலைதான் ஆசை காட்டும். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்து, "பார், ஓடுது" என்று காட்டுவார்கள். ஃபான் சுற்றுகிறது என்பதற்கு மேல் அதில் ஒரு சாட்சியும் இல்லை. மல்ரிமீற்றர் வைத்து 12 வோல்ட் வரியில் 11.4 க்கும் 12.6 க்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கலாம், அது நல்ல பழக்கம். ஆனால் சுமை ஏறும்போது அந்த வோல்ற் நடுங்குவது மீற்றரில் தெரியாது, அலைகாட்டி வேண்டும். 12 வோல்ட் வரியில் அந்த நடுக்கம் 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக்கூடாது என்பது ஏரிஎக்ஸ் (கொம்பியூட்டர்ப் பவர் சப்ளைகளுக்கான பொதுத் தரம்) விதி. களைத்த கப்பாசிற்றர் அந்த விதியைத்தான் முதலில் மீறும், கஷ்டப்படுவது மதர்போர்ட். நானே ஒருமுறை ஆசைப்பட்டு ஒன்று வாங்கினேன். வெளியே பளபளப்பு. ஒரு மாதத்தில் கீச்சிடத் தொடங்கியது. திறந்தால் உள்தகட்டில் ஒரு அங்குல உயரத்துக்குச் சேற்றுக் கோடு, சீவினதுபோல நேராக. 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூடிய வெள்ளத்தில் குளித்ததோ, வேறு எங்கே குளித்ததோ, குளித்தது குளித்ததுதான்.

புதிது வாங்குவது மின்சாரத்தின் கெட்ட சத்தங்களுக்கான வழி. பொரிகிற சத்தம், கருகல் மணம், திரும்பத் திரும்ப வெட்டுகிற 'டக்', அணைத்த பிறகும் வருகிற புதிய கீச்சல், மின்னல் அடித்த இரவுக்குப் பிறகு தொடங்கிய எந்தச் சத்தமும். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேர இடி எங்களுக்குப் புதிதல்ல. பிளக்கைக் கழற்ற மறந்த வீட்டில் பவர் சப்ளை உயிரோடு தப்பினாலும், உள்ளே அடிபட்ட பாதுகாப்புச் சாமான் இன்னொரு அடியைத் தாங்காது. இந்த இடத்தில் திருத்தப் போகிறவர் மிச்சம்பிடிப்பது பெட்டிக் காசு, பணயம் வைப்பது மதர்போர்ட்டையும் டிஸ்க்கையும்.

ஆனால் புதிது என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. கேஸோடு சேர்த்துச் சும்மா தருகிற பெட்டிகளைக் கையில் தூக்கிப் பாருங்கள், பிஸ்கட் ரின் மாதிரி இருக்கும். பெரிய எழுத்தில் 500 வாட் என்று இருக்கும். பக்கத்தில் இருக்கிற அட்டவணையில் 12 வோல்ட் வரிக்கு எத்தனை அம்பியர் என்று தேடுங்கள். 18 அம்பியர் என்றால் 12 ஆல் பெருக்கினால் 216 வாட். இன்றைய மெஷின் பெரும்பாலும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான், ஆகவே அந்தப் பெட்டியின் உண்மையான கொள்ளளவு அதுதான். 36 அம்பியர் என்று எழுதிய 450 வாட் பெட்டி இந்த 500 ஐவிடப் பெரியது. 80 பிளஸ் என்ற மின் சிக்கன முத்திரை உள்ளதாகப் பாருங்கள். பிரொன்ஸ் தரம் என்றால் அரைச் சுமையில் வாங்கும் மின்சாரத்தில் 85 வீதமாவது வேலைக்குப் போகும், மீதிதான் சூடு. சூடு குறைந்தால் ஃபானும் மெதுவாக ஓடும். ரைப் பண்ணுகிற, படிக்கிற மெஷினுக்கு 450 தாராளம்.

பின்னால் 115, 230 என்று சிவப்புச் சுவிச் உள்ள மாதிரி கையில் வந்தால், பிளக் போட முதல் அது 230 இல் நிற்கிறதா என்று பாருங்கள். 115 இல் நின்றால் நீங்கள் கேட்கப்போகும் விசித்திரமான சத்தம் ஒரே ஒரு தடவைதான் கேட்கும், திருவிழா வெடி மாதிரி. உத்தரவாதச் சீட்டை லமினேற் பண்ணி வையுங்கள். அந்த மையும் எங்கள் வெக்கைக்கு ஒரு வருசத்தில் மறைந்துவிடும்.

ரீச்சருடையது என்ன ஆனது

மண்ணைக் கொட்டிய பிறகு 'டக டக' நின்றது. ஆனால் பின் சுவிச்சை அணைத்துக் கேட்டால் 'உர்ர்ர்' என்று இறங்குகிற உறுமல் அப்படியே இருந்தது. படுக்கவைத்தால் குறைந்தது. பேரிங். பெட்டி பாரமானது, 80 பிளஸ் முத்திரை உள்ளது, கப்பாசிற்றர்களின் தலை தட்டையாக, நேராக இருந்தன. 12 வோல்ட் வரி மீற்றரில் 12.1 காட்டியது. புதிது வாங்கச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை.

"எண்ணெய் விட்டாக் காணாதோ, தம்பி?" என்று கேட்டார்.

"விடலாம் ரீச்சர். மாசிக்குள்ள திரும்பவும் இதை மடியில வைச்சுக்கொண்டு வருவியள்."

பஸ் பயணம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஃபானையே போடச் சொன்னார். கடையில் அந்த அம்பியரில் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மறுநாள் பஸ்ஸில் வந்தது. போட்டு, தொடக்க வோல்ற்றில் எழும்புகிறதா என்று நாலைந்து தடவை அணைத்துப் போட்டுப் பார்த்து, இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் திகதி எழுதிப் பூட்டினேன். பழைய ஃபானைவிட ஒரு பிடி இரைச்சல் கூட, அதை ஒளிக்காமல் சொன்னேன். பின் கிரில்லுக்கு நுளம்பு வலை அடிக்கட்டோ என்று கேட்டார். வலை புழுதி பிடித்துக் காற்றை மறிக்கும், அதற்குப் பதிலாகக் கிழமைக்கு ஒருக்கால் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தால் போதும் என்றேன்.

போன மாதம் வேறு அலுவலாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். மெஷின் இப்போது ஒரு கதிரையின் மேல் ஏறியிருக்கிறது, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. சத்தம் இல்லை. குளவி மட்டும் இடம் மாறி, பக்கத்துச் சொக்கெற்றின் மூன்றாவது ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது.